நூலகத்தில் 40 நிமிடம் வண்ணமீன் வளர்ப்பு பற்றிப் பேச வேண்டும்: எதைச் சொல்வது, எதை விடுவது?

மாடித்தொட்டி:

வணக்கம். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 6 வருடமாக வண்ணமீன் வளர்க்கிறேன். 4 கப்பி மீனில் தொடங்கியது. இப்போது 9 சிமெண்ட் தொட்டி, 70 பாட்டில். பெரும்பாலும் ஃபைட்டர் எனும் சண்டை மீன்தான். சனிக்கிழமைதோறும் கொளத்தூரில் இரண்டு கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறது. மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்தில் ஏதாவது தொழில் தெரிந்தவரை அழைத்துப் பேசச் சொல்வார்கள். வரும் மாதம் மூன்றாவது ஞாயிறு காலை 11 மணிக்கு என் முறை. 40 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்வி. பிறகு அதையே 4 பக்கக் கட்டுரையாக எழுதித் தர வேண்டும், அவர்களுடைய கையெழுத்து இதழுக்கு. வருபவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பாதி, பணி ஓய்வு பெற்றவர்கள் கொஞ்சம், வீட்டிலிருந்து ஏதாவது செய்து சம்பாதிக்க முடியுமா என்று பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

10 நாளாக இரவில் உட்கார்ந்து 54 ஸ்லைடு தயார் செய்தேன். 1869-இல் பாரிஸில் கார்போனியே என்பவர் சொர்க்க மீனை வளர்த்துக் குஞ்சு எடுத்த கதையில் ஆரம்பம். அப்புறம் 1909-இல் நம் மெரினாவில் திறந்த மீன் காட்சியகம், நியான் டெட்ரா, டிஸ்கஸ், ஏஞ்சல் மீன்கள், நைட்ரஜன் சுழற்சி, வெள்ளைப் புள்ளி நோய், தீவன வகைகள். வீட்டில் சத்தமாகப் பேசிப் பார்த்தேன், 1 மணி 50 நிமிடம் ஆகிவிட்டது. என் மாமியார் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கும்மா, இதுல நம்ம மாடி எங்கே?" என்றார். அன்றிலிருந்து ஒரு ஸ்லைடைக்கூடத் தொட மனம் வரவில்லை.

என் கேள்விகள் இவைதான். எதை வெட்டுவது? நைட்ரஜன் சுழற்சியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? மீனைக் கொண்டுபோகலாமா? வருமானம் பற்றி எவ்வளவு சொல்லலாம்? இதற்கு முன் பேசிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டேரி:

தங்கச்சி, உங்கள் மாமியார் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். 54 ஸ்லைடில் 50-ஐ எடுத்துவிடுங்கள். கார்போனியேவும் மெரினாவும் ஆளுக்கு ஒரு வரி போதும். நீங்கள் டிஸ்கஸ் வளர்த்ததில்லை அல்லவா? அப்படியென்றால் டிஸ்கஸைப் பற்றிப் பேசாதீர்கள். தாயும் தகப்பனும் தங்கள் உடம்பில் ஊறும் வழவழப்பையே குஞ்சுக்கு ஊட்டுகிற மீன் அது. அதை 20 வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொன்னால்தான் கேட்பவருக்கு உறைக்கும். உங்களிடம் ஃபைட்டர் இருக்கிறது. ஒரு ஜோடி, ஒரு டப்பு, 10 நாள். பேச்சு முழுவதும் அதுவே இருக்கட்டும். தண்ணீர், தீவனம், நோய், வருமானம் எல்லாம் அந்த 10 நாளுக்குள் தானாக வந்து விழும்.

நான் 23 வருடமாக ரெட்டேரிப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறேன். சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி என்று பல தடவை பேசியிருக்கிறேன். முதல் இரண்டு தடவை உங்களைப் போலத்தான், உலகத்து மீனையெல்லாம் சொன்னேன். வந்தவர்கள் குறிப்பு எடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், ஒருவரும் தொட்டி வைக்கவில்லை. மூன்றாவது தடவை பேச்சே தயார் செய்யாமல், காலையில் முட்டையிட்ட ஒரு டப்பைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்தேன். ஆண் மீன் கீழே விழுகிற முட்டையை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, மேலே தான் குமிழி ஊதிக் கட்டிய நுரைக்கூட்டில் ஒட்டுவதை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அதில் 3 பேர் இன்றும் எனக்கு மீன் தருகிறார்கள்.

அதனால் என் யோசனை இதுதான்: ஞாயிறு 11 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 28 டிகிரியில் முட்டை பொரிய 30 முதல் 40 மணி நேரம். வெள்ளி காலை முட்டையிட்டால் சனி மாலையிலிருந்து பொரியும். ஞாயிறு 11 மணிக்குக் குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவி விழும், தகப்பன் ஓடிப்போய்க் கவ்வி மேலே வைக்கும், இன்னொன்று விழும். ஓயாத வேலை. சண்டைக்காரன் என்று பேர் வாங்கின மீன் பசி பாராமல் அதைச் செய்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால், அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஆனால் வீட்டில் முட்டையிட்ட டப்பை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கூடு உடையும், ஆண் பதறி முட்டையைத் தின்றுவிடும். நூலகரிடம் கேட்டுப் புதன்கிழமையே அங்கே ஒரு மூலையில் டப்பை வையுங்கள். ஜன்னல் வெயில் படாத இடம், ஃபேன் காற்று நேராக அடிக்காத இடம். 15 லிட்டர் டப், 12 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டு காய்ந்த நாட்டு பாதாம் இலை, பாதியாக வெட்டின தெர்மாகோல் கப் ஒன்று மிதக்கட்டும், கூட்டை அதன் அடியில் கட்டும். பெண்ணைப் புதன் மாலை கண்ணாடிக் குழலுக்குள் விட்டு ஆணுக்குக் காட்டுங்கள். உடம்பில் குறுக்கே பட்டை விழுந்து, வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் பெண் தயார். வியாழன் மாலை திறந்துவிடுங்கள். சில ஜோடி ஒரு நாள் தாமதிக்கும், அதனால் இரண்டு டப் வையுங்கள். இரண்டாவதில் புதன் மாலையே திறந்துவிடலாம். சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டினால் ஆள் நடமாட்டம் தெரியாது.

வெள்ளிக்கிழமை கிளை நூலகத்துக்கு வார விடுமுறை. அமைதி கிடைக்கும், நல்லதுதான். ஆனால் முட்டையிட்டு முடித்த பெண்ணை அன்றைக்கே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆண் கடித்துக் குதறிவிடும். சாவிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வருமானத்தைப் பற்றி ரூபாயில் சொல்லாதீர்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள். 70 பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்ற உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது? மழை, வெயில், காய்ச்சல் எதுவாக இருந்தாலும் அது நிற்காது. ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவை இட்ட முட்டையில், 150 குஞ்சு பிழைத்தால் அதில் எத்தனை ஆண், எத்தனை கடைக்குப் போகும் தரம், பிறந்த நாளிலிருந்து எத்தனை மாதம்? உங்கள் நோட்டைப் பார்த்து அப்படியே வாசியுங்கள். பணம் வரும் என்று ஆசை காட்டி ஒருவரை இதில் இறக்கிவிட்டால், முதல் ஈடு செத்ததும் அவர் டப்பைக் கவிழ்த்துவிடுவார்.

வேதியியல் வாத்தியார்:

நைட்ரஜன் சுழற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதுரையில் 11, 12-ஆம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், வீட்டில் இரண்டு தொட்டி உண்டு. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று அம்புக்குறி போட்ட படத்தைக் காட்டாதீர்கள். "உறை ஊற்றுவது" என்று சொல்லுங்கள்.

பால் தானாகத் தயிர் ஆகாது. முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டி வேண்டும். புதுத் தொட்டியும் அப்படித்தான். மீன் விடும் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒன்று, நைட்ரைட்டைத் தின்று அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொன்று. இவை தானாக வந்து பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் புதுத் தொட்டியில் போட்டால் அதுதான் உறைமோர். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பட்டு பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். இதைச் சொன்னால் உங்கள் கூட்டத்தில் இருக்கும் அம்மாக்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள், என் அம்மா ஆட்டினார்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் சென்னையில் போர் தண்ணீரில் வளர்ப்பவர்கள் அதிகம். அதே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரிக் கொல்லாது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவுதான் பிஎச்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் ஏறத்தாழ 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். "அதே தீவனம்தான் போட்டேன், பக்கத்து வீட்டில் பிழைத்தது, என் வீட்டில் செத்தது" என்று சொல்பவர்களுக்கு இதுதான் விடை. சாப்பாடு மிச்சம் போடாதே என்பதை நான் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வழியாகத்தான் சொல்கிறேன். ஒருமுறை கணக்காகப் பார்த்துவிட்டால் மறப்பதில்லை.

மாடித்தொட்டி:

ரெட்டேரி அண்ணா, வாத்தியார் ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உறைமோர் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நூலகரிடம் இன்று பேசினேன். நாளிதழ் மேசைக்குப் பின்னால் ஒரு மூலை தருகிறார். வெள்ளிக்கிழமை சாவிக்கும் சரி என்றார்.

அண்ணா, ஒரு சந்தேகம். ஃபைட்டருக்கு ஏர் பம்ப் வேண்டாம், அது மேலே வந்து காற்றை விழுங்கும் என்று சொன்னால், "அப்ப ஏன் மற்ற மீனுக்கு வேணும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது, அதன் பெயர் லேபிரிந்த் என்று சொன்னால் போதுமா?

ரெட்டேரி:

பெயரைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் 3 நாள் கரண்ட் இல்லை. ஒரு அறையில் 400 ஏஞ்சல் குஞ்சு, கட்டை விரல் நகம் அளவு. பக்கத்து அறையில் 200 ஃபைட்டர், பாட்டிலுக்கு ஒன்று. பம்ப் நின்ற முதல் ராத்திரியே ஏஞ்சல் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நானும் என் மகனும் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தோம். விடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஃபைட்டரில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் நிதானமாக மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அது ஏன் என்பதற்கு அதன் ஊரைச் சொல்லுங்கள். தாய்லாந்தின் நெல் வயலும் சதுப்பும்தான் அதன் வீடு. தண்ணீர் ஒரு முழம்கூட இருக்காது, சூடாக இருக்கும், காற்றோட்டம் குறைவு. அங்கே பிழைக்க வந்த உறுப்பு அது. 2019-இல் அந்த நாட்டு அரசு தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது இந்த மீனைத்தான்.

ஆனால் குஞ்சுக்கு அந்த உறுப்பு பிறந்தவுடன் இருக்காது, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் உருவாகும். அந்த நாட்களில் டப்பின் மேல் மூடி இருந்தால் உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மூடாமல் விட்டுத்தான் நிறையப் பேர் நாலாவது வாரத்தில் குஞ்சை இழக்கிறார்கள். இதைக் கட்டுரையில் கண்டிப்பாக எழுதுங்கள்.

ஏரிக்கரை:

அக்கா, நான் செங்கல்பட்டு மாவட்டம். மீன் வளர்ப்பு அதிகம் தெரியாது, எங்கள் வீட்டில் ஏரியில் வலை போடுகிறவர்கள். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

லேபிரிந்த் பற்றிப் பேசும்போது பனையேறி மீனைச் சொல்லுங்கள். தண்ணீர் வற்றினால் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகிற மீன், அதற்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்பவர் பனைமரத்தில் அது ஏறியதைப் பார்த்ததாக எழுதியது 1797-இல் லண்டனில் அச்சானது. மரம் ஏறுமா என்பதில் சந்தேகப்படுபவர்கள் உண்டு. ஊர்ந்து போவதை நானே மழை நாளில் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவர்கள் ஊர்க் கதை ஒன்று கிளம்பும்.

அப்புறம், நம் வயல் வாய்க்காலிலேயே ஃபைட்டருக்கு ஒரு சின்னச் சொந்தக்காரன் இருக்கிறான். சுண்டுவிரல் நீளம், வால் நடுவில் முள் போல நீண்டிருக்கும், வால் அடியில் ஒரு கரும்புள்ளி. அதுவும் நுரைக்கூடு கட்டும், தகப்பனே காவல் காக்கும். அதன் அறிவியல் பெயரில் உள்ள "குபானஸ்" புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து வந்தது. 1831-இல் அந்த ஆற்று மீனை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அதை விவரித்தார்கள். தாய்லாந்துக்குப் போகாமலே இந்த அதிசயம் நம் வாய்க்காலில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம் வருத்தமானது. எங்கள் ஏரியில் இப்போது வலையை இழுத்தால் கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் அந்தச் சக்கர் மீன் வருகிறது. தென் அமெரிக்க மீன். தொட்டியில் இருந்தபோது விரல் அளவு, பெரிதாகிவிட்டதே என்று யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்கக் கவசம், துடுப்பில் முள். ஒன்று சிக்கினால் நைலான் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கரையில் பொந்து தோண்டி அதில் முட்டையிடும், கரை சரிகிறது. என் மாமா போன வருடம் மூன்று வலை மாற்றினார். அதை வாங்கிச் சாப்பிடவும் ஆளில்லை.

வேண்டாத மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள், வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள் அக்கா. அவர்கள் பாவம் பார்த்துத்தான் விடுகிறார்கள். அந்த மனசைக் குறை சொல்லாமல் சொன்னால் கேட்பார்கள்.

மாடித்தொட்டி:

தம்பி, நன்றி. இதை நான் யோசிக்கவே இல்லை. கடைசி 5 நிமிடம் உங்கள் மாமாவின் வலைக்குத்தான். அரியாங்குப்பம் மீனைப் பற்றித் தெரியாமலே இத்தனை வருடம் ஃபைட்டர் வளர்த்திருக்கிறேன், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாய்க்காலில் தேடப் போகிறேன்.

ஸ்லைடு இப்போது 5. ஜோடி சேரும் படம், நுரைக்கூடு, தொங்கும் குஞ்சு, 3 மாத ஆண்கள் நிற்கும் பாட்டில் வரிசை, என் நோட்டின் ஒரு பக்கம்.

மாடித்தொட்டி:

நேற்று பேச்சு முடிந்தது. உங்கள் மூவருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐயோ, முதலில் அந்தப் புதன்கிழமை டப். அது முட்டையே இடவில்லை. பெண்ணின் துடுப்பு கிழிந்துவிட்டது, வியாழன் மதியம் எடுத்துவிட்டேன். இரண்டாவது ஜோடி வெள்ளி காலை 9 மணிக்குத் தொடங்கி 12 வரை முட்டையிட்டது. அண்ணா சொன்ன மாதிரி சாவி வாங்கி வைத்தது பிழைக்க வைத்தது. காலியான நூலகத்தில் நானும் என் மகளும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்துக் கட்டிப் பிடித்துவிட்டு விலகும்போது முட்டை வெள்ளை ரவை மாதிரி உதிர்ந்தது. அவன் உடனே கீழே பாய்ந்தான்.

ஞாயிறு 11 மணிக்கு 60 பேருக்கு மேல். பிள்ளைகளை ஆறு ஆறு பேராக டப்புக்குப் பக்கத்தில் விட்டேன், ஒரு சின்ன டார்ச், பக்கவாட்டில் மட்டும். நான் 40 நிமிடம் பேசவே இல்லை, 25 நிமிடம்தான். மீதி நேரம் அவர்கள் பார்த்துப் பார்த்துக் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். சண்டை விடுவீர்களா என்று ஒரு பையன் கேட்டான். விடமாட்டேன் என்றேன். "அவன் இப்ப குழந்தை பார்த்துக்கிறான்ல" என்று அவனே பக்கத்துப் பையனிடம் சொன்னான். பனையேறி என்றதும் திருவாரூர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து 10 நிமிடம் பேசினார். நோட்டை வாசித்தபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 70 பாட்டிலுக்கு வாரம் 5 மணி நேரம், ஒரு ஈட்டில் கடைக்குப் போனது 48 ஆண், 4 மாதம் என்று அப்படியே சொன்னேன். இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார்கள்.

இப்போது அடுத்த கேள்வி. டப்பை எடுக்க வேண்டாம், குஞ்சு வளர்வதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கட்டும் என்று நூலகர் சொல்கிறார். தகப்பனைச் செவ்வாய் எடுத்துவிடுவேன். முதல் தீவனத்துக்கு முட்டைக்கோஸ் இலை ஊற வைத்த இன்ஃபுசோரியாத் தண்ணீர் (நுண்ணுயிர்கள் பெருகிய தண்ணீர்) என்னிடம் தயார். அதன் பிறகு தினமும் ஆர்ட்டீமியா எனும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைப் பொரித்துக் கொடுக்க நூலகத்தில் வசதி இல்லை. உப்புத் தண்ணீர், பம்ப், 24 மணி நேரம் விளக்கு என்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

ரெட்டேரி:

உண்டு, மைக்ரோவார்ம். ஓட்ஸ் கஞ்சியில் வளரும் நூல் புழு, ஒரு ஐஸ்கிரீம் டப்பா போதும். பம்ப் வேண்டாம், விளக்கு வேண்டாம். புழு பக்கவாட்டில் ஏறி நிற்கும், காது குடையும் பஞ்சால் வழித்து டப்பில் தட்டினால் முடிந்தது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, நூலகரே செய்யலாம். அதை மட்டும் மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது, இரண்டு வாரம் கழித்து நீங்கள் மாடியில் பொரித்த ஆர்ட்டீமியாவை ஒரு குப்பியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

என்னிடம் நல்ல கல்ச்சர் இருக்கிறது. புதன்கிழமை காலை பெரம்பூர் பக்கம் வருகிறேன், கொண்டுவந்து கொடுத்துவிட்டு நூலகருக்கும் செய்து காட்டிவிட்டுப் போகிறேன். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?